அறுபதைத் தாண்டிய அலறல்

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'பெயின்கில்லர்' 1990 செப்டம்பரில் வெளிவந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 39. ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டில் அவர் எடுக்கும் அலறல் அன்றிலிருந்து ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு ஓர் அளவுகோல். இப்போது அவர் எழுபதைத் தாண்டிவிட்டார். இன்றும் அவருடைய கச்சேரிக்குப் போய் வந்தவர்களிடம் மற்றவர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான்: அந்தப் பாட்டைப் பாடினாரா, மேலே போனாரா, குரல் நின்றதா?

விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது. ராக் இசையின் மற்ற கிளைகளில் பாடகர் சொல்லை நம்பியோ மெட்டை நம்பியோ காலம் தள்ளலாம். ஹெவி மெட்டல் 1970களின் நடுவிலிருந்து பாடகரின் உடல்வலிமையைக் கலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டது. இரண்டு கிட்டார்களும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும்போது அவற்றைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் குரல் மேல் ஸ்தாயிக்குப் போயாக வேண்டும். போகிறவர்தான் வீரர். ஆனால் இந்தக் கணக்கோடு மூத்த பாடகர்களின் பிற்கால ஆல்பங்களுக்குள் நுழைந்தால் அவற்றில் இருக்கும் நல்லதும் பிடிபடாது, கெட்டதும் பிடிபடாது. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த இத்தகைய ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குத் தோன்றுவது இதுதான்: தொண்டையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்பது அவற்றின் வெற்றி தோல்வியில் ஒரு சிறு பங்கு மட்டுமே. பாட்டைக் கட்டியவர்கள் எந்தக் குரலை மனத்தில் வைத்துக் கட்டினார்கள், இன்று எதிரில் நிற்பவரின் குரலையா, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒலித்தட்டின் குரலையா என்பதில்தான் மிச்சமெல்லாம் அடங்கியிருக்கிறது.

வயதானால் குரலுக்கு என்ன ஆகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. குரல்நாண்களுக்குள் இருக்கும் தசை மெலிகிறது. மெலிந்த நாண்கள் பாடும்போது முழுக்க ஒட்டுவதில்லை, இடுக்கில் காற்று கசிகிறது. சுரப்பிகள் வறள்கின்றன. குரல்வளையின் குருத்தெலும்பு மெல்ல மெல்ல எலும்பாகிறது. நுரையீரலின் மீள்தன்மையும் மார்புக்கூட்டின் நெகிழ்வும் குறைவதால் ஒரு மூச்சில் பாடக்கூடிய தூரம் சுருங்குகிறது. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் அசைவு மெதுவாகி அகலமாகிறது. மேல் ஸ்தாயி முதலில் போகும். நடு ஸ்தாயிதான் கடைசிவரை கூட இருக்கும், அதுவும் ஒழுங்காகப் பாடிவந்தவருக்கு.

நம் கர்நாடகப் பாடகர்கள் வயதானால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வார்கள். தம்புராவைத் திரும்பச் சேர்த்தால் போதும், யாரும் குறை சொல்வதில்லை. மெட்டலில் இது அத்தனை எளிதல்ல. அதன் முதுகெலும்பான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார்த் துணுக்கு, பெரும்பாலும் கிட்டாரின் கடைசித் தந்தியை விரல் வைக்காமல் மீட்டும் ஒலியில் நிற்கிறது. விரலை நகர்த்திச் சுருதி மாற்றினால் அந்தக் கனம் போய்விடும். ஆகவே தந்திகளையே தளர்த்த வேண்டும். இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தார். இடக்கைப் பழக்கக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். தந்தியின் இறுக்கம் குறைந்தால் வலி குறையும் என்று தளர்த்தத் தொடங்கியவர், 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கு வரும்போது சில பாட்டுகளில் ஒன்றரைக் கட்டை இறக்கியிருந்தார். அடிபட்ட கைக்காகச் செய்த ஏற்பாடு ஓர் இசைவகையின் ஒலியாகவே ஆனது. உடல் முடியாது என்று சொன்னதைக் கேட்டுத்தான் இந்த இசை பிறந்தது. பிற்கால ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதே அயோமியின் கிட்டாரோடுதான் ரோனி ஜேம்ஸ் டியோவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் உருவானது. டியோ 1942-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தவர். முறையாகக் குரற்பயிற்சி பெற்றதில்லை. சிறுவயதில் டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் வாசித்தார். மூச்சை ஆளக் கற்றது அதில்தான் என்று அவரே சொல்லிவந்தார். ரெயின்போ குழுவில் பெயர் பெற்று, பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்து 1980-இல் பிளாக் சாபத்துக்கு 'ஹெவன் அண்ட் ஹெல்' பாடிக்கொடுத்து, மூன்று வருடம் கழித்துச் சொந்தக் குழுவில் 'ஹோலி டைவர்' வெளியிட்டவர். சாபத்தோடு சண்டை போட்டுப் பிரிந்ததும் சேர்ந்ததும் மறுபடி பிரிந்ததும் உண்டு. இரண்டாம் பிரிவுக்குக் காரணம் வேடிக்கையானது. 1992-இல் ஆஸி தம் 'கடைசி' சுற்றுப்பயணத்தை முடிக்கும் கச்சேரியில் சாபத் முன்னதாக வாசிக்க வேண்டும் என்றார்கள். டியோ மாட்டேன் என்று போய்விட்டார். அவர் இடத்தில் அந்த இரவுகளில் பாடியவர் ஹால்ஃபோர்ட். ஓய்வை அறிவித்தபோது ஆஸிக்கு வயது 43. அதன்பின் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார்.

2009 ஏப்ரலில் 'தி டெவில் யூ நோ' வந்தபோது டியோவுக்கு வயது 66. சாபத் என்ற பெயர் ஆஸி பாடும் குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் இவர்கள் ஹெவன் அண்ட் ஹெல் என்ற பெயரில் இயங்கினார்கள்: டியோ, அயோமி, பேஸில் கீசர் பட்லர், டிரம்ஸில் வின்னி அபிசி. முதல் பாட்டான 'ஆட்டம் அண்ட் ஈவில்' ஆரம்பிக்கும்போதே நடை புரிந்துவிடும். யாருக்கும் அவசரமில்லை. அயோமியின் ரிஃப் இழுத்து இழுத்து நடக்க, அதற்குள் டியோ நடு ஸ்தாயியில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புகிறார். இளமையில் அவர் குரல் ரிஃப்புக்கு மேலே பறக்கும். இங்கே ரிஃப்புக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 'பைபிள் பிளாக்' பாட்டில் சாதாரணக் கிட்டாரோடு கிட்டத்தட்டப் பேச்சாகத் தொடங்கி, கனத்த பகுதி வரும்போது மேலே ஏறாமல் பக்கவாட்டில் விரிகிறார். அவருக்கு எப்போதும் இருந்த கரகரப்பு இங்கே இரட்டை வேலை செய்கிறது. வயதால் கசியும் காற்றை அது தனக்குள் இழுத்துக்கொள்கிறது. கேட்பவருக்குக் கோபமாக மட்டும் கேட்கிறது. ஆல்பத்தில் வேகமான பாட்டுகள் 'ஈட்டிங் த கானிபல்ஸ்', 'நெவர்வேர்' என்று ஒன்றிரண்டு உண்டு. அவைதான் பலவீனமானவை. அங்கே மட்டும் நான்கு பெரியவர்கள் இளைஞர்களைப் போல ஓட முயல்வது தெரிந்துவிடுகிறது.

அந்த ஆண்டு நவம்பரில் டியோவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். 2010 மே 16 அன்று, 67 வயதில் இறந்தார். அதன் பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் சாவின் நிழலைக் கண்டுபிடித்து எழுதிவருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பதிவு செய்த நாட்களில் அவர் நோயாளி என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அடுத்த சுற்றுப்பயணத்துக்கும் அடுத்த ஆல்பத்துக்கும் திட்டம் இருந்த ஒரு தொழில்காரர், கைவசம் உள்ள சாரீரத்துக்கு ஏற்ற வேலையைச் செய்து முடித்தார். அந்த நிதானத்தை விடைபெறுதல் என்று படிப்பது அவருடைய திறமையை அவருடைய விதிக்குத் தாரை வார்ப்பது.

ஹால்ஃபோர்டின் கதையில் இன்னும் துலக்கமான சான்று கிடைக்கிறது. ஜூடாஸ் பிரீஸ்ட் 2014-இல் வெளியிட்ட 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தில் அவர் குரல் மெலிந்து, ஒலிப்பதிவில் அனாதையாக நிற்கிறது. நாலு வருடம் கழித்து, 66 வயதில் பாடிய 'ஃபயர்பவர்' ஆல்பத்தில் அதே மனிதர் பத்து வயது குறைந்தவராகக் கேட்கிறார். தொண்டை இளமைக்குத் திரும்பாது. மாறியது வேலை நடந்த முறை. 1979 முதல் பத்தாண்டுக் காலம் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்த டாம் ஆலமையும், அந்த ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த ஆண்டி ஸ்னீப்பையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். பாட்டுகள் குறுகின. அலறல் பாட்டின் தளமாக இருந்த நிலை போய் முத்தாய்ப்பாக ஆனது: ஒரு பாட்டில் ஒருமுறை, இரண்டு முறை, சரியான இடத்தில். மற்ற நேரமெல்லாம் இத்தனை வருடம் அலறலின் புகழுக்குப் பின்னால் மறைந்திருந்த அவருடைய நடுக்குரல், தாமிர நிறத்தில், தெளிவாக. கடைசிப் பாட்டு 'ஸீ ஆஃப் ரெட்' ஏறக்குறைய முழுக்க அந்தக் குரலில்தான் போகிறது.

அதே ஆல்பம் வெளிவருவதற்குச் சற்று முன்புதான் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று அறிவித்தார். சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் ஸ்னீப்பே வாசித்தார். தயாரிப்பாளர் மேடையேறிக் கிட்டார் வாசிப்பதும், டிப்டன் உடல் ஒத்துழைக்கும் இரவுகளில் கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் வந்து நிற்பதும் என்று ஒரு புதிய குடும்ப ஏற்பாடு அங்கே உருவானது. அந்த ஏற்பாட்டில் பாடகரின் குரலும் ஓர் உறுப்பினர், அவ்வளவே.

2024 மார்ச்சில் வந்த 'இன்வின்சிபிள் ஷீல்ட்' பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. 1980-இன் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' கூட 4-ஐத் தாண்டவில்லை. இதை வைத்துக் குழு தன் உச்சத்தை அரை நூற்றாண்டுக்குப் பிறகு தொட்டது என்று எழுதினார்கள். பட்டியலில் ஓர் ஆல்பம் எட்டும் உச்சம் பெரும்பாலும் முதல் வார விற்பனையைப் பொறுத்தது. இளைஞர்கள் அலைபேசியில் ஸ்ட்ரீம் செய்து கேட்கும் காலத்தில், வெளியான அன்றே குறுந்தட்டும் வினைல் தட்டும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஐம்பது வயது ரசிகர்கள். ஆல்பம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 72 வயதில் இன்னும் முடியும் என்று நிரூபிக்கும் ஆசை அதில் மறுபடி தலைகாட்டுகிறது. வேகத்தைக் குறைத்த 'கிரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்' மற்ற எல்லாவற்றையும் விட நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

ஆஸி ஆஸ்பர்ன் இந்த வரிசையில் சேராதவர், அதனாலேயே முக்கியமானவர். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பெரிய வீச்சு கிடையாது. 'அயர்ன் மேன்' பாட்டில் அவர் பாடும் மெட்டு கிட்டார் ரிஃப்பையே அப்படியே தொடர்கிறது. அவருடைய சொத்து நிறம்: மூக்கால் வரும், பயந்த பையனின் குரல். அந்த நிறத்தைக் காலம் அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் அவருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. தியோடர் அடோர்னோ 1937-இல் பேத்தோவனின் கடைசிப் படைப்புகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து எட்வர்ட் சயீத் எழுதி அவர் இறந்த பின் 2006-இல் வெளிவந்த 'ஆன் லேட் ஸ்டைல்' நூலும், முதுமைக் கலை என்றால் கனிவும் சமாதானமும் என்ற பொதுநம்பிக்கையை மறுக்கின்றன. பெரிய கலைஞர்கள் சிலரிடம் கடைசிக் காலத்தில் கூடுவது முரண்டும் உடைசலும்தான் என்பது அவர்கள் வாதம். மெட்டலுக்கு இதைப் பொருத்தினால் ஓர் இக்கட்டு வருகிறது. சாபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஆஸிக்கு அப்போது 21 வயது. சாவு, அழிவு, நரகம், பைத்தியம் என்று முதுமைக்கு வைத்திருக்க வேண்டிய பொருள் எல்லாவற்றையும் அப்போதே பாடித் தீர்த்துவிட்டார். நிஜமான நோய் வரும்போது பாட என்ன மிச்சமிருக்கும்?

2013-இல் ரிக் ரூபின் தயாரித்த சாபத் ஆல்பம் '13' இதற்குச் சொன்ன விடை, பழையதையே திரும்பப் பாடு என்பது. ஜானி கேஷின் முதுமைக் குரலை வெற்றுக் கிட்டாரோடு நிறுத்தி அவருக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்த அதே ரூபின், இங்கே நால்வரில் மூவரை வைத்துக்கொண்டு முதல் ஆல்பத்தின் சாயலைத் தேடினார். அமெரிக்காவில் சாபத்துக்கு முதன்முறையாக முதலிடம் கிடைத்தது, பிரிட்டனில் 'பாரனாய்டு'க்குப் பிறகு 43 ஆண்டுகள் கழித்து. ஆல்பம் ஒரு நல்ல அருங்காட்சியகம்.

2019 ஆஸிக்கு மோசமான ஆண்டு. வீட்டில் விழுந்து, 2003 வாகன விபத்தின் பழைய காயங்கள் கிளறப்பட்டன. 2020 ஜனவரியில் பார்க்கின்சன் நோயை வெளியில் சொன்னார். அடுத்த மாதம் வந்த 'ஆர்டினரி மேன்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆண்ட்ரூ வாட் என்ற முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். பாப் உலகிலிருந்து வந்தவர். போஸ்ட் மலோனின் ஒரு பாட்டில் ஆஸியைப் பாடவைத்ததில் தொடங்கிய பழக்கம். எல்டன் ஜானோடு ஆஸி சேர்ந்து பாடும் பெயர்ப்பாட்டில் சாத்தானும் இல்லை, வௌவாலும் இல்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் தம் பெயர் என்னவாகும் என்று யோசிக்கிறார். மெட்டல் ஆல்பத்தில் இந்தச் சாதாரணம்தான் புதுமை. 2022-இன் 'பேஷன்ட் நம்பர் நைன்' இரண்டு கிராமி விருதுகளை வாங்கியது. ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், அயோமி என்று விருந்தாளிகள் நிறைய. எனக்கு அது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தேடுவது போல இருந்தது.

இந்த இரண்டு ஆல்பங்களிலும் குரல் மிகவும் வழுவழுப்பாக இருக்கிறது என்ற புகார் உண்டு. பார்க்கின்சன் நோய் குரலைத் தாழ்த்தி ஒரே தட்டில் ஓடவிடும். ஆல்பத்திலோ குரல் உறுதியாக நிற்கிறது. ஆகவே இயந்திர உதவி என்று சந்தேகம். இருக்கலாம். என் காதுக்கும் மெருகு அதிகம்தான். ஆனால் ஆஸி ஸ்டூடியோவில் ஒற்றைக் குரலாக ஒலித்த காலம் வெகு முன்பே போய்விட்டது. 1980-இன் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' ஆல்பத்திலிருந்தே ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது அவர் வழக்கம். நாம் இளமைக் குரல் என்று நினைவில் வைத்திருப்பதும் இரண்டு ஆஸிகளைத்தான்.

மேடையில் அடுக்க முடியாது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில், அவர் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில், நடக்க முடியாமல் கரிய சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி தம் தனிப் பாட்டுகள் ஐந்தும், பிறகு சாபத்தின் பழைய நால்வராக நான்கும் பாடினார். 'மாமா, ஐம் கமிங் ஹோம்' பாட்டில் சுருதி பல இடங்களில் நழுவியது. 17 நாட்கள் கழித்து, 76 வயதில் காலமானார். கிராமி வாங்கிய ஆல்பம் மறைக்கப் பார்த்த குரல் அங்கே பல்லாயிரம் பேர் முன்னிலையில் இருந்தது. அந்தக் குரலுக்கென்று ஒரு ஆல்பம் யாரும் எழுதித் தரவில்லை என்பதுதான் என் குறை. வாட்டுக்குத் துணிச்சல் இன்னும் ஒரு படி இருந்திருந்தால் தந்திருப்பார்.

அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் பற்றி ஒன்று மட்டும். 2014-இல் பாரிசில் 'தி புக் ஆஃப் சோல்ஸ்' பதிவு முடியும் தறுவாயில் அவருக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் தெரியவந்தது. கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து 2015 மே மாதம் நோய் நீங்கியதாக அறிவித்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு முதலில் டிக்கின்சன் தம் தனி ஆல்பத்துக்கென எழுதியது. அதையே 2024-இல் 'தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்' ஆல்பத்தில் சற்றே வேறு பெயரில், சொற்களை மாற்றி மறுபடி பாடினார். அதே பாட்டு, அதே மனிதர், நடுவே கதிர்வீச்சு. முந்தையதில் குரல் போர்க்களத்தில் கட்டளையிடுகிறது, பிந்தையதில் கதை சொல்கிறது. நீட்டிய ஸ்வரங்களில் அசைவு கூடியிருக்கிறது. கதை சொல்கிறவருக்கு அது பொருந்துகிறது. நோயோடு பாடியது முந்தையது என்பதை ஆல்பத்தை மட்டும் கேட்டு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பெண்கள் இந்தக் கணக்கில் வராமல் போவது இசைவகையின் குறை. ஜெர்மனியின் டோரோ பெஷ் 1980களின் தொடக்கத்திலிருந்து பாடிவருகிறார். 59 வயதில், 2023-இல், 'கான்கரெஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்; அதில் ஹால்ஃபோர்டும் அவரோடு பாடுகிறார். அந்தத் தலைமுறையில் இடைவிடாமல் நின்ற பெண் குரல்கள் மிகச் சில.

இனி வரப்போவது வேறு வகை. டெத் மெட்டல் பாடகர்களின் உறுமலில் உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன. மெட்டு இல்லை, உச்ச ஸ்வரம் இல்லை, எனவே தவறவிட ஒன்றுமில்லை. முதல் தலைமுறை உறுமல்காரர்கள் இப்போதுதான் அறுபதை நெருங்குகிறார்கள். ஃபுளோரிடாவின் ஆபிச்சுவரி குழுவில் ஜான் டார்டி 1989-இல் 'ஸ்லோலி வீ ராட்' பாடியபோது அவருக்கு இருபதைத் தாண்டியிருந்தது. 2023-இன் 'டையிங் ஆஃப் எவ்ரிதிங்' ஆல்பத்தில் ஐம்பத்து நான்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு எது முந்தையது என்று கேட்டால், ஒலிப்பதிவின் தரத்தை வைத்துச் சொல்லலாம். குரலை வைத்துச் சொல்வது கடினம்.